வாடகைக்கு வந்த அக்கா

அண்ணாந்து பார்த்த அந்தோணிசாமியின் மூக்கின் மேல் மழைத்துளி ஒன்று சொத்தென்று விழுந்தது. தெருவில் நின்றிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. அவன் நின்றது தில்லையம்மாளின் சமையற்கட்டில்.

“சார், இந்த வீட்டுல நட்சத்திரம் பாக்கணும்னா வாசலுக்குப் போவ வேணாம். சோத்தைத் தின்னுக்கிட்டே பாக்கலாம்” என்றான், பக்கத்தில் நின்ற சேதுமாதவனிடம்.

“நக்கலா?” தில்லையம்மாளின் கையிலிருந்த துடைப்பம் அவன் பக்கமாகத் திரும்பியது. “காலங்காத்தால ஆளுவ ஏறி ஓட்டைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கானுவ. கேட்டா ரிப்பேராம். ஐப்பசி மாசத்துல எவன்யா ஓடு மாத்துவான்? நேத்து கிணத்து ராட்டினத்தைக் கழட்டிக்கிட்டுப் போனானுவ. உங்களைக் கூப்பிட்டது வேடிக்கை பாக்கறதுக்கா?”

திருப்பாதிரிப்புலியூர்த் தேரடிக்குப் பின்னால் இருந்தது அந்த ஓட்டு வீடு. முன்பாதியில் வாடகை சைக்கிள் கடை. பின்பாதியில் தில்லையம்மாளும் அவள் புருஷன் தங்கராசும் குடியிருந்தார்கள். தங்கராசு நல்ல மனுஷன். சண்டை என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், பஞ்சர் பார்க்கிற சாக்கில் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொள்வான். சண்டை போடுவது, கணக்குப் பார்ப்பது, கடனை வசூலிப்பது எல்லாம் அவன் பெண்டாட்டிதான்.

துப்பறியும் நிபுணர் சேதுமாதவனுடைய காரியாலயத்துக்குச் சொந்த வாகனம் கிடையாது. அவருடைய உதவியாளன் அந்தோணிசாமி திருடனைத் துரத்துவதும், ஓடுகாலிப் புருஷன்மாரைத் தேடுவதும் தங்கராசு கடை சைக்கிளில்தான். நாடகக் கம்பெனியில் பபூனாக இருந்தவன். கம்பெனி ஸ்ரீமுஷ்ணத்தில் படுத்துவிட்ட பிறகு இவரிடம் வந்து ஒட்டிக்கொண்டான். இந்தக் கடை மூடினால் தன் கால்தான் தேயும் என்ற கவலை அவனுக்கு நிஜமாகவே இருந்தது.

சேதுமாதவன் வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “வீட்டுக்காரர் பஞ்சநாதம் என்ன காரணம் சொல்றார்?”

“அக்காவாம். சிதம்பரத்துல தாலியறுத்த அக்கா ஒருத்தி இருக்காளாம். அவளை அங்க காலி பண்ணச் சொல்றாங்களாம். அவ வந்து தங்கறதுக்கு இந்த வீடு வேணுமாம். வாடகைக் கன்ட்ரோலருகிட்ட மனுப் போட்டிருக்காரு. நாளைக்கு வெசாரணை.”

“அப்ப பயப்படாதீங்க. கன்ட்ரோலர் ஆர்டர் போடாம குடியிருக்கறவங்களை எவனும் வெளியே தள்ள முடியாது. யுத்த காலத்திலேருந்து அதான் சட்டம். நாளைக்கே குண்டர்களோட வந்து நின்னாலும், ‘ஆர்டர் எங்கே’ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க.”

“ஒரு வார்த்தையோட நிறுத்தறதா? இந்தம்மாவா?” என்றான் அந்தோணிசாமி. துடைப்பம் மறுபடியும் திரும்பியது.

“ஆர்டர் கெடக்கட்டும். என் சங்கிலி?” என்றாள் அவள். குரல் இப்போதுதான் முதன்முதலாக இறங்கியது. “நாங்க குடி வந்தப்ப யுத்தம். ஊர்ல வீடே கெடைக்கல. அட்வான்ஸுக்குக் கையில காசில்ல. எங்கம்மா எனக்குப் போட்ட ரெட்டைவடச் சங்கிலியைக் கழட்டிக் குடுத்தேன். காலி பண்றப்ப தரேன்னாரு. இப்பக் கேட்டா, ‘எந்தச் சங்கிலி? மாடு கட்டுற சங்கிலியா?’ங்கறாரு. ரசீது காட்டுங்கறாரு. பொட்டச்சி கழுத்து நகைக்கு எவன் ரசீது வாங்குவான்?”

“அடையாளம் ஏதாவது?”

“முகப்புல ஒரு அன்னம். அத ஆசாரி கோணலா வச்சுட்டான். முன்னால பாக்காது, கழுத்தை வளைச்சு வாலையே பாத்துக்கிட்டு இருக்கும். எங்கம்மா அவனை ஏசாத ஏச்சில்ல.”

மறுநாள் மஞ்சக்குப்பம் மைதானத்தை அடுத்த கன்ட்ரோலர் கச்சேரியில், செருப்புகளை வாசலில் விட்டுவிட்டு எல்லாரும் உள்ளே நின்றார்கள். பஞ்சநாதத்தின் ஜரிகை அங்கவஸ்திரத்திலிருந்து ஜவ்வாது வாசனை தூக்கியடித்தது. ரேஷன் காலத்திலும் தொப்பை வற்றாத மனிதர். தில்லையம்மாளைப் பார்த்ததும், “இன்னும் மூட்டை கட்டலையா? வீட்டுல நல்லாக் காத்து வருதாமே!” என்று சிரித்தார்.

தில்லையம்மாள் பல்லைக் கடித்தாள். அந்தோணிசாமிக்கு அந்தச் சத்தம் கேட்டது.

பஞ்சநாதத்துக்குப் பின்னால், வெள்ளைப் புடவையும் முக்காடுமாக ஒரு பெண்பிள்ளை நின்றாள். “இதுதான் எசமான், என் அக்கா சிவகாமியம்மாள்” என்று அவர் கையைக் காட்டினார். கன்ட்ரோலர் எதையும் சுலபத்தில் நம்பாத முகக்காரர். “நீங்களே சொல்லுங்கம்மா” என்றார்.

பஞ்சநாதம் செருமினார்.

“என்ன சொல்லுவேன் எசமான்!” என்று வெடித்தது அழுகை. “கொண்டவனைப் பறிகொடுத்துப் பத்து வருஷமாச்சு! நிக்க நிழலில்லாம, கூடப்பொறந்த தம்பி நிழலைத் தேடி வந்தேனே! அந்த நிழலையும் ஒரு சைக்கிள் கடைக்காரி மறைக்கிறாளே!”

வராந்தாவிலிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். டவாலி சேவகன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தில்லையம்மாள் வாயைத் திறந்தாள், சேதுமாதவன் இருமினார், அவள் மூடிக்கொண்டாள். எதிர்த்தரப்புச் சாட்சிகளை அடுத்த வாரம் கொண்டு வரச் சொல்லி, கன்ட்ரோலர் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்ததும் அந்தோணிசாமி பொங்கினான். “சார், அது அக்காவே இல்ல! அழறப்ப ஆபீசரையா பாத்துது? திரும்பி வராந்தா ஜனத்தைப் பாத்து அழுதுது. நெசமா அழறவ மூஞ்சியை மூடிக்குவா. நடிக்கிறவதான் நல்லா வெளிச்சத்துல காட்டுவா. அதுவும் பஞ்சநாதம் செருமினாத்தான் கண்ணுல தண்ணி. எங்க கம்பெனியில இதுக்குப் பேரு சோக சிக்னல்.”

“நீ மூஞ்சியைப் பார்த்தே. நான் காலைப் பார்த்தேன்” என்றார் சேதுமாதவன். “விரல்ல மெட்டி கிடந்த இடம் வெள்ளை வெளேர்னு வளையமா இருந்தது. இன்னிக்குக் காலையில கழட்டின தடம். புருஷன் போய்ப் பத்து வருஷமான விதவைக்கு அந்தத் தடம் எப்படி வரும்?”

“அடப்பாவிகளா!” தில்லையம்மாள் இருவரையும் மாறி மாறி முறைத்தாள். “ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு, உள்ளாற வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா? என்னையும் இருமி அடக்கிட்டு!”

“அங்கேயே சொல்லியிருந்தா என்ன ஆகும்? இவளைத் துரத்திட்டு நிஜ அக்காவைக் கூட்டிட்டு வந்து நிறுத்துவார். அக்கா சிதம்பரத்துல இருக்கறதா மனுவுல எழுதியிருக்கு. கூப்பிட்டா ரயிலேறி வந்துடலாம். சொந்த அக்கா அவ்வளவு பக்கத்துல இருக்க, வாடகைக்கு ஒரு அக்காவைப் பிடிச்சிருக்காரே, ஏன்? அந்த ‘ஏன்’தான் எனக்கு வேணும்.”

“உங்களுக்கு ‘ஏன்’ வேணும். எனக்குக் கூரை வேணும்” என்று சொல்லிவிட்டு அவள் விடுவிடென்று நடந்தாள்.

மறுநாள் காலைப் பாசஞ்சரில் துப்பறியும் நிபுணரும் உதவியாளனும் சிதம்பரத்துக்குப் புறப்பட்டார்கள். பரங்கிப்பேட்டையில் ஏறிய கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தோணிசாமி கேட்டான்: “சார், மனுவுல சிதம்பரம்னு மட்டும்தான் போட்டிருக்கு. தெருப் பேரு கெடையாது. கோயிலைச் சுத்தி எத்தனை வீதி, எத்தனை சந்து! ஒரு விதவையை எங்கன்னு தேடறது?”

“விதவையைத் தேடாதே. வீட்டைத் தேடு.”

“எந்த வீட்டை?”

“காலியாகப் போற வீட்டை. அக்காவை அங்கே காலி பண்ணச் சொல்றாங்கன்னு மனுவுல எழுதியிருக்கார். முழுப் பொய் சொல்றவன் இவ்வளவு சுத்தி வளைக்க மாட்டான். அந்த ஒரு வரி மட்டும் நிஜமா இருக்கும்னு தோணுது. வீடு கிடைக்காத இந்தக் காலத்துல, எந்த வீடு காலியாகும்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.”

தெற்கு வீதியில் இறங்கியதும் அந்தோணிசாமி வேறு ஆளானான். தோளைக் குறுக்கிக்கொண்டான். முகத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்பவனுடைய களை வந்துவிட்டது. பூக்கடையில் கேட்டான், வளையல் கடையில் கேட்டான், உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில், மாட்டைப் பிடித்துக்கொண்டு போன பால்காரி விருத்தாம்பாளை மறித்தான்.

“அக்கா, குடியிருக்க வீடு ஏதாச்சும் காலியாவுதா?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “வந்துட்டியா? அந்தம்மா இன்னும் உள்ளாற உலை வச்சுக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள வந்துட்டியா? புள்ளைத்தாச்சிப் பொண்ணை வேற வச்சிக்கிட்டு இருக்கு. நல்லா இருப்பியா நீ?”

“எந்த அம்மாக்கா?”

“எந்த அம்மாவாம்! சிவகாமியம்மாவைத் தவிர யாரை இப்பக் காலி பண்ணச் சொல்றானுவ? அதோ, சந்துல மூணாவது வீடு. போய்க் கேளு. சாணித் தண்ணியில குளிச்சுட்டு வா.”

அவள் பொய் சொல்லவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் அவர்கள் கால் வைத்தபோதே, நெடுநெடுவென்று உயர்ந்த ஓர் அம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். “இன்னொரு அடி வச்சீங்கன்னா மூஞ்சியில ஊத்துவேன். மாசம் முடியட்டும்னு உங்க முதலாளிகிட்ட சொல்லியாச்சு. எம்பொண்ணு பெத்துப் பொழைச்சு எழுந்திரிக்கட்டும். அப்புறம் கதவை இடிக்கலாம்.”

“நாங்க வீட்டுக்காரர் ஆள் இல்லம்மா” என்றார் சேதுமாதவன். “கடலூர் பஞ்சநாதம் உங்க தம்பிதானே?”

வாளி தரைக்கு வந்தது. “அவன் அனுப்பிச்சானா? என் வீட்டைப் பட்டாளம் காலி பண்ணிடுச்சா?”

அந்தோணிசாமி சேதுமாதவனைப் பார்த்தான். சேதுமாதவன், அவனுக்குத் தெரிந்து முதல்முறையாக, வெற்றிலையை மெல்லாமல் அப்படியே விழுங்கினார்.

“எந்தப் பட்டாளம்மா?” என்றான் அந்தோணிசாமி. “தேரடிக்குப் பின்னால இருக்கற ஓட்டு வீட்டைத்தானே சொல்றீங்க? அங்க பட்டாளமும் இல்ல, துப்பாக்கியும் இல்ல. ஒரு சைக்கிள் கடை இருக்கு. நாலு வருஷமாப் புருஷன் பெண்டாட்டி குடியிருக்காங்க. மாசா மாசம் உங்க தம்பி வாடகை வாங்கறாரு.”

“என் வீட்டுலயா?”

“உங்க வீடா?” என்றார் சேதுமாதவன்.

சிவகாமியம்மாள் சொல்லத் தொடங்கினாள். வீடு அவளுடைய மாமனார் கட்டியது. புருஷனுக்குப் பிறகு அவளுக்கு வந்தது. பத்திரம் அவள் பெட்டியிலேயே இருந்தது. வாடகை விடுவதற்குத் தம்பியை நம்பினாள். யுத்தம் வந்ததும் அவன் ஓடி வந்து, “அக்கா, வீட்டைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. வாடகை வராது. சிப்பாய்ங்க குடிச்சுட்டு நிக்கிறானுவ, பொம்பளை அந்தத் தெருப் பக்கமே வரக்கூடாது” என்று சொல்லியிருக்கிறான். யுத்தம் முடிந்தும் அதே கதை. சர்க்கார் காரியம் மெதுவாகத்தான் நடக்கும் என்று இழுத்திருக்கிறான். போன மாதம் இவள், “தீபாவளி கழிச்சு நானே வந்து கலெக்டர் வாசல்ல உக்காருறேன்” என்று சொல்லிவிட்டாள்.

அந்தோணிசாமிக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. தீபாவளிக்குள் சைக்கிள் கடை மறைந்தாக வேண்டும். நிஜ அக்கா கடலூரில் காலை வைத்தால் குட்டு உடையும். அதனால்தான் வாடகை அக்கா!

பேச்சுச் சத்தம் கேட்டு, சிவகாமியம்மாளின் மகள் லலிதாம்பாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடைக்கு வந்தாள். நிறைமாதம். அந்தோணிசாமியின் பார்வை அவள் கழுத்தில் போய் நின்றது.

“வெக்கங்கெட்டவனே, புள்ளைத்தாச்சியை எங்கடா பாக்குறே?” வாளி மறுபடியும் கிளம்பியது.

“அம்மா, சத்தியமா அன்னத்தைத்தான் பாக்குறேன்” என்று அவன் இரண்டு கையையும் தூக்கினான். “அது ஏம்மா வாலைப் பாத்துக்கிட்டு இருக்கு?”

லலிதாம்பாள் சங்கிலியின் முகப்பைத் தொட்டாள். “எங்க மாமா போட்டது. கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்.”

சேதுமாதவன் தாழ்ந்த குரலில், தில்லையம்மாள் அட்வான்ஸாகக் கழற்றிக் கொடுத்த சங்கிலியைப் பற்றிச் சொன்னார். ஆசாரி கோணலாக வைத்த அன்னத்தைப் பற்றியும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் கை முகப்பை மூடிக்கொண்டது.

“கழட்டு” என்றாள் தாய்.

“அம்மா, எங்க மாமியாருக்கு நான் என்ன சொல்லுவேன்?”

“உங்க மாமன் திருடன்னு சொல்லு.”

லலிதாம்பாள் அழுதுகொண்டே கழற்றினாள். வராந்தா ஜனங்களுக்குக் காட்டுகிற அழுகை இல்லை அது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தோணிசாமி தரையைப் பார்த்தான்.

“விசாரணைக்கு நீங்க வரணும்மா” என்றார் சேதுமாதவன்.

“வரமாட்டேன். எந்தம்பியை நான் வீட்டுக்குள்ள வச்சு வெட்டுவேன். கச்சேரியில ஊரு பாக்க வச்சு வெட்டமாட்டேன்.”

“அப்ப உங்க வீடு? இங்கேயும் காலி பண்ணச் சொல்றாங்க. பெண்ணைப் பிரசவத்துக்கு எங்கே வச்சுக்குவீங்க? நீங்க வந்து உங்க வாயால சொன்னாத்தான் அந்த வீடு உங்களுதுன்னு ஆகும்.”

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில், “வரேன்” என்றாள்.

திரும்பி வரும்போது அந்தோணிசாமி ஜோக் எதுவும் அடிக்கவில்லை. தில்லையம்மாளிடம் முதல் வார்த்தையாகச் சொன்னதைச் சிவகாமியம்மாளிடம் சேதுமாதவன் சொல்லவே இல்லை. ஆர்டர் இல்லாமல் யாரையும் வெளியே தள்ள முடியாது என்றால், சிதம்பரத்துக்கும் அதே சட்டம்தானே? கேட்க வாயெடுத்தான். சேதுமாதவன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை என்று இவனுக்குத் தெரியும். நடிப்பைக் கண்டுபிடிப்பதுதானே இவன் வேலை.

அடுத்த விசாரணையன்று கச்சேரியில் கூட்டம் அதிகம். பஞ்சநாதம் முன்வரிசையில் நின்றார். பின்னால் முக்காடு. இந்தத் தடவை கால் விரல்களில் மஞ்சள் பூசித் தடத்தை மறைத்திருந்தார்கள். விதவைக்குக் காலில் மஞ்சள் ஏது என்று யாரும் யோசிக்கவில்லை போலும். அந்தோணிசாமி சேதுமாதவன் காதருகே குனிந்து, “மேக்கப் ஜாஸ்தி” என்றான்.

“சிவகாமியம்மாள்!” என்று டவாலி சேவகன் கூவினான்.

“ஆஜர்” என்று முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆஜர்” என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது.

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. நெடுநெடுவென்று சிவகாமியம்மாள் நடந்து வந்து, முக்காட்டுக்காரியின் பக்கத்தில் போய் நின்றாள். கையில் பத்திரம் இருந்தது. பஞ்சநாதத்தின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல ஆயிற்று. வழக்கமாகச் செருமும் தொண்டையிலிருந்து இப்போது காற்றுத்தான் வந்தது.

“அக்கா... எல்லாம் உனக்காகத்தான்கா செஞ்சேன்...”

“ரெண்டு அக்கா நிக்கறோம். யாருகிட்டடா சொல்றே?” என்றாள் சிவகாமியம்மாள்.

முக்காட்டுக்காரி சட்டென்று முக்காட்டைத் தள்ளிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். “எசமான், நான் பண்ருட்டி ராஜாமணி. நாடகத்துல வேஷம் கட்டறவ. கோர்ட்டு சீன் ஒண்ணு இருக்கு, அழுதுட்டுப் போயிடலாம்னு கூட்டியாந்தாரு. பேசின கூலியை இன்னும் கண்ணுல காட்டலைங்க.”

கன்ட்ரோலர் முகத்தில் சிரிப்பு இல்லை. பத்திரத்தைப் படித்தார். பஞ்சநாதத்தைப் பார்த்தார். வீட்டுக்கே பாத்தியதை இல்லாத ஆள் போட்ட மனு தள்ளுபடி. ஆள்மாறாட்டத்துக்குப் போலீசில் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். பிரித்த ஓட்டையும் கழற்றிய ராட்டினத்தையும் இன்று சாயங்காலத்துக்குள் அவர் செலவிலேயே வைத்துக் கொடுக்க வேண்டும். அவர் குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் பஞ்சநாதத்தின் அங்கவஸ்திரம் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவும் இல்லை.

தில்லையம்மாள் வெளியே வந்து வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டாள். தங்கராசு முதல்முறையாகத் தலையைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

சிவகாமியம்மாள் எதிரே வந்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சங்கிலியை எடுத்து நீட்டினாள். “உன்னுதுதானே? புடி. என் பொண்ணு கழுத்துலேருந்து கழட்டிக் கொண்டாந்தேன். புடிச்சுக்கிட்டு வீட்டைக் காலி பண்ணு.”

தில்லையம்மாளின் கை பாதிவழியில் நின்றது. “என்னா?”

“அட்வான்ஸு கைக்கு வந்துடுச்சுல்ல? வீடு என்னுது. நான் வரணும். எம்பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு.”

தில்லையம்மாள் சேதுமாதவனைப் பார்த்த பார்வைக்குத் துடைப்பமே தேவலை. “இதுக்குத்தான் இந்தம்மாவைத் தேடிப் புடிச்சு இட்டாந்தீங்களா? தம்பி வாயிலேருந்து புடுங்கி அக்கா வாயில போட்டீங்களா?” பிறகு திரும்பினாள். கை நீண்டது, சங்கிலியை லபக்கென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது. “சங்கிலி என்னுது, வாங்கிக்கிட்டேன். வீட்டுக்கு ஆர்டர் எங்க?”

“என் வீட்டுக்கு எனக்கு ஆர்டரா?”

“ஆமா. மனுப் போடுங்க. நானும் வந்து பதில் சொல்றேன். ஆர்டர் வர்ற வரைக்கும் அந்தக் கதவு உள்ளாறத்தான் தாப்பாப் போட்டிருக்கும்.”

இருவரும் முட்டிக்கொள்கிற தூரத்தில் நின்றார்கள். ஒருத்திக்குப் பின்னால் ஒரு கடை. ஒருத்திக்குப் பின்னால் நிறைமாதப் பெண். அந்தோணிசாமிக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரவில்லை. அவன் சேதுமாதவனைத்தான் பார்த்தான்.

சேதுமாதவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சிவகாமியம்மா, சிதம்பரத்துல உங்களைக் காலி பண்ணச் சொல்றாரே, அவர்கிட்ட ஆர்டர் இருக்கா?”

“ஆர்டராவது, மண்ணாவது! வாய்தான் இருக்கு. ரெண்டு தடியனுங்க இருக்கானுவ.”

“அப்ப நீங்களும் கிளம்ப வேண்டியதில்லை. அங்கேயும் இதே சட்டம்தான். கன்ட்ரோலர் சொல்லாம உங்களை யாரும் அசைக்க முடியாது. பிரசவம் அந்த வீட்டுலேயே ஆகலாம். இந்த வீட்டு வாடகை இனிமே நேரா உங்க கைக்கு வரும்.”

சிவகாமியம்மாள் மெதுவாகக் கேட்டாள்: “இது அன்னிக்கு என் வாசல்ல நின்னப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க இங்கே வந்திருக்க மாட்டீங்க. உங்க தம்பியைக் காப்பாத்தியிருப்பீங்க.”

“வீடு போயிடும்னு பயங்காட்டி என்னைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கே. ஒரு வாரமா எம்பொண்ணு தூங்கல. நானும் தூங்கல. அவன் சொன்னது பட்டாளக் கதை, நீ சொல்லாம வுட்டது சட்டக் கதை. நீயும் பஞ்சநாதம்தான்யா. கொஞ்சம் படிச்ச பஞ்சநாதம்.”

சேதுமாதவன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார்.

சிவகாமியம்மாள் அவரை அதற்குமேல் பார்க்கவில்லை. தில்லையம்மாளின் பக்கம் திரும்பினாள். “ஏ, உன் பேரு என்ன?”

“தில்லையம்மா.”

“இப்ப என்கிட்டக் கேட்ட பாரு, ஆர்டர் எங்கன்னு. அந்த மாதிரி எனக்குக் கேக்க வராது. எனக்கு வாளியைத் தூக்கத்தான் தெரியும். மத்தியான ரயிலுக்கு என்கூட வா. சிதம்பரத்து வீட்டுக்காரன் இன்னிக்குச் சாயங்காலம் ஆளோட வரேன்னிருக்கான்.”

“நான் ஏன் வரணும்? நீங்க என்னைத் தொரத்த வந்தவங்க.”

“இப்பவும் உன்மேல எனக்கு ஒண்ணும் பிரியமில்லை. அங்க நான் தெருவுக்கு வந்தா, நேரா உன் வீட்டுக்குத்தான் வருவேன். யோசிச்சுக்க.”

தில்லையம்மாள் யோசித்தாள். புருஷனைப் பார்த்து, “கடையைப் பாத்துக்க. ஓடு போட வர்ற ஆளுவளுக்குக் காப்பித் தண்ணி குடுக்காத. ஒரு ஓடு கோணலா இருந்தாலும் எறங்க வுடாத” என்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

இருவரும் மைதானத்தின் குறுக்கே நடந்தார்கள். நடக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது. “வாசப்படியில நின்னு நான்தான் பேசுவேன், நீங்க குறுக்க வரக்கூடாது.” “என் வீட்டுக்காரன்கிட்ட நான் பேசாம வேற யாரு பேசறது?” “அப்ப எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?” காற்று அவர்கள் குரலை விட்டு விட்டுக் கொண்டு வந்தது.

அந்தோணிசாமி சேதுமாதவன் பக்கம் திரும்பினான். “சார், தடியனுங்க வருவானுவளாம். நாமளும் போவ வேணாமா?”

சேதுமாதவன் வெற்றிலைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நம்மை யாரும் கூப்பிடலையே, அந்தோணி” என்றார்.